விழுந்த பிறகு வரும் ஃபிரேம்கள்

கார்ட்டூன் பறவை ஒன்று பறந்து வந்து கிளையில் உட்கார ஒரு விநாடி போதும். நம் ஊர் டிவி முறையில் அந்த ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம். ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திக் காட்டுவது டிவி அனிமேஷனில் வழக்கம் என்பதால், பன்னிரண்டு பதின்மூன்று படங்களில் பறவை உட்கார்ந்துவிடும். கிளை தவறி அது விழ வேண்டுமென்றால் இன்னும் குறைவு. ஆறேழு ஃபிரேம் தாராளம். விழுந்த பிறகு எழுந்து, இறகைச் சிலிர்த்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்கிறதே, அந்த இடத்தில்தான் எங்கள் தொழிலின் அருமை இருக்கிறது. அந்த இடத்துக்காகச் சூப்பர்வைசர்களிடம் மன்றாடி ஃபிரேம் வாங்கியிருக்கிறேன்.

சென்னையில் நான் அனிமேட்டராக இருந்த காலத்தின் பெரும்பகுதி பறவைகளோடுதான் போனது. அதிலும் ஒரே ரகப் பறவை. நல்ல மனசு, தன் திறமையின் மேல் அபார நம்பிக்கை, தொட்ட காரியமெல்லாம் கோளாறு. வெளிநாட்டு டிவிகளுக்குப் போன நகைச்சுவைத் தொடர்கள் அவை. ஒப்பந்தம் காரணமாகப் பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒரு எபிசோடு 11 நிமிடம், அதாவது 16,500 ஃபிரேம். கதை, பாத்திர வடிவம், ஸ்டோரிபோர்டு, குரல் எல்லாம் அங்கிருந்து தயாராக வரும். பறவைக்கு உயிர் கொடுப்பது மட்டும் எங்கள் மேஜையில் நடக்கும். முடிந்ததும் திரும்பப் போய்விடும்.

தடுமாறும் பறவைகளுக்கு டிவியிலும் சினிமாவிலும் பெரிய வம்சம் உண்டு. டிஸ்னியின் டொனால்ட் டக் 1934-ல் வந்தது. வார்னர் பிரதர்ஸின் டாஃபி டக் 1937-லும், வால்டர் லான்ட்ஸின் உட்டி உட்பெக்கர் 1940-லும் பிறந்தன. மூன்றும் சிரிக்க வைக்கும், ஆனால் மூன்றின் சரக்கும் வேறு. டொனால்டின் சிரிப்பு கோபத்தில் இருக்கிறது. டாஃபியின் சிரிப்பு பேராசையிலும் தற்பெருமையிலும். உட்டி வேண்டுமென்றே அடுத்தவரைப் படுத்தும் விஷமக்காரன். 1949-ல் வந்த ரோட் ரன்னரில் பறவை தடுமாறுவதே இல்லை, துரத்துகிற ஓநாய்தான் பள்ளத்தில் விழுகிறது. எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. 1987-ல் அமெரிக்காவில் தொடங்கிய டக் டேல்ஸ் தொடரில் லாஞ்ச்பேட் என்றொரு விமானி வாத்து வரும். ஏறிய விமானத்தை எல்லாம் தரையில் மோதுவான், மோதிவிட்டுக் கொஞ்சமும் கலங்காமல் இறங்கி வருவான். நம்பிக்கைதான் அவன் நகைச்சுவை. தடுமாறும் பறவை என்றால் அதற்கு அவன்தான் உச்சம் என்பது என் கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் டக் டேல்ஸ் இந்தியில் வரும். என் அப்பாவுக்கு நீலகிரியில் குந்தா மின் திட்டத்தில் வேலை. எமரால்டில் குடியிருப்பு. எங்கள் வரிசைப் பிள்ளைகளில் இந்தி தெரிந்தவர்கள் யாரும் இல்லை. காற்றடித்தால் ஆன்டெனா திரும்பிவிடும், ஒருவன் வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான், உள்ளே இருந்து நாங்கள் குரல் கொடுப்போம். ஒரு வார்த்தை புரியாமல் விழுந்து விழுந்து சிரித்தோம். வசனம் புரியாமலே சிரிப்பு வருகிறது என்றால் அந்தச் சிரிப்பை யாரோ உடம்பின் அசைவிலேயே வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. தெரிந்தபோது நான் ஏற்கெனவே லைட் பாக்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு முறையான பள்ளி அமைந்தது 1956-ல். பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி தர டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்தார். மிஷனரி குடும்பத்தில் இந்தியாவிலேயே பிறந்தவர் அவர். பாம்பி படத்தில் வேலை செய்த கை. அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்றவர், 2014-ல் பத்மஸ்ரீ. ஜப்பானியர்களோடு சேர்ந்து 1992-ல் அவர் இயக்கிய ராமாயணப் படத்தை இன்றைக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். 2019-ல் மறைந்தார்.

அதே ஃபிலிம்ஸ் டிவிஷன் 1974-ல் ஒரு சின்னப் படம் எடுத்தது: ஏக் அநேக் அவுர் ஏக்தா. இயக்கியவர் விஜயா முலே, அனிமேஷன் பீம்சைன். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து வலையோடு பறக்கிற கதை. தூர்தர்ஷனில் அதைப் பார்க்காத தலைமுறை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பறவைகளை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தேன். சின்ன பட்ஜெட், குறைந்த படங்கள், தட்டையான வடிவம். ஆனால் வலை மேலே எழும்பும் நேரத்தில் அதன் கனம் நம் தோளில் தெரியும். பறவை அனிமேஷனில் கனம் சரியாக விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கனத்தைக் கற்றுக்கொள்ளத்தான் நான் எமரால்டுக்கு அடுத்த அவலாஞ்சிக்குப் போக ஆரம்பித்தேன்.

சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் பழைய கார்ட்டூன்களைப் போட்டுக்காட்டினார்கள். டொனால்ட் எப்படி நடக்கிறது, டாஃபி எப்படிக் குதிக்கிறது என்று பார்த்துப் பழகினோம். அது அவசியமான பாடம். ஆனால் கார்ட்டூனைப் பார்த்தே கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் எல்லாப் பறவையும் வாத்து மாதிரியே நடக்கிறது. எங்கள் குழுவில் ஒரு மூத்த பெண் அனிமேட்டர் இருந்தார். எல்லாருக்கும் அக்கா. ஒரு நாள் என் பென்சில் டெஸ்ட்டைப் பார்த்துவிட்டு, “நீ ஊட்டிப் பக்கம்தானேப்பா? உன் ஊர்ல பறவையே கிடையாதா?” என்று கேட்டார். அடுத்த லீவில் வரைப் புத்தகத்தோடு ஊருக்கு வண்டி ஏறினேன்.

ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு. வழியெல்லாம் கேரட், உருளைக்கிழங்கு, தேயிலை. எமரால்டைத் தாண்டினால் அவலாஞ்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த பெரிய மண்சரிவால் வெள்ளைக்காரர்கள் இட்ட பெயர். மழைக்கு இந்த இடம் பேர்போனது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதுதான் நாடு முழுக்க அவலாஞ்சி என்ற பெயரைக் கேட்டது. அணை, சுற்றிலும் புல்வெளி, மடிப்பு மடிப்பாகச் சோலைக்காடு, இடையிடையே சீகை மரமும் பைனும். 1907-லிருந்து இங்கே டிரௌட் மீன் பண்ணை இருக்கிறது.

அந்த மீனுக்கும் எங்கள் பறவைகளில் ஒன்றுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு தடவினாற்போல் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். தூண்டிலில் கட்டும் பொய்ப்பூச்சிக்கு அந்த இறகைப் போல வராது என்று வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் அலைந்தார்கள். கப்பல் கப்பலாக இறகு போயிற்று. பிறகு ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். இன்றைக்கு அவலாஞ்சி சாலையோரம் விடியற்காலையில் அந்தச் சேவலை நிம்மதியாகப் பார்க்க முடிகிறது என்றால் அந்தத் தடைக்கும் அதில் பங்கு உண்டு.

காட்டுக்கோழி எனக்கு நடை கற்றுக்கொடுத்தது. கோழி நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடுகிறது என்றுதான் நாம் நினைப்போம். தலையை மட்டும் கவனித்து வரைந்தால் விஷயம் வேறு. தலை ஒரு இடத்தில் அப்படியே நிற்கிறது, உடம்பு அதை நோக்கி நகர்கிறது, பிறகு தலை வெடுக்கென்று முன்னால் போய் மறுபடி நிற்கிறது. பார்வை அசையாமல் இருப்பதற்காகச் செய்கிற வேலை அது. 1978-ல் ஒரு விஞ்ஞானி புறாவை ஓடும் பட்டையின் மேல் நடக்க விட்டார். சுற்றியிருந்த காட்சி நகராமல் நின்றதால் புறா தலையை ஆட்டவே இல்லை. அனிமேட்டருக்கு இது தங்கம். நடக்கிற பறவைக்குத் தலையை ஐந்து ஃபிரேம் அசையாமல் வைத்து, இரண்டே ஃபிரேமில் முன்னால் தள்ளினால் போதும், வேறு எதுவும் செய்யாமலே அது பறவையாகிவிடும். அந்தத் தாளம் ஒரு அடி தவறினால் உடனே அது கோமாளியாகிவிடும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறவையின் முழங்கால் பின்பக்கம் மடிவதாகப் பலர் வரைவார்கள். பின்னால் மடிவது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கழுத்து எலும்பு நமக்கு ஏழு, பறவைக்கு அதைப் போல இரண்டு மடங்கு, சிலவற்றுக்கு அதற்கும் மேல். தூங்கும்போது பெரும்பாலான பறவைக்குக் கீழ் இமைதான் மேலே ஏறும். கார்ட்டூனில் மனிதர் போல மேல் இமையை இறக்குவோம், இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு உணர்ச்சி புரியாது. ஆனால் களைத்துத் தூங்கி விழும் காட்சிகளில் நான் கீழ் இமையை ஏற்றி வரைந்தேன். ஏன் என்று சொல்லத் தெரியாமலே பார்த்தவர்கள் எல்லாரும் அந்த ஷாட்டைக் கண்டு சிரித்தார்கள்.

இவையெல்லாம் துணைப் பாடங்கள். என் ஆசான் வேறொரு பறவை.

நீலகிரிச் சிரிப்பான். மைனாவை விடச் சற்றுச் சிறியது. முதுகு பழுப்பு, வயிறு செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மோவாயில் கறுப்பு. உலகத்தில் நீலகிரி மலையின் உயரங்களில் மட்டும் வாழ்கிறது. சோலை ஓரத்துப் புதருக்குள் கூட்டமாக இருக்கும். ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்து கெக்கலித்துச் சிரிக்கும். ஊட்டி, குன்னூர்த் தோட்டங்களில்கூட அந்தச் சிரிப்பைக் கேட்கலாம். மலையில் வளர்ந்த எவருக்கும் அது பழகிய சத்தம். பழகியதாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை.

அவலாஞ்சியில் தவிட்டுப்பழச் செடிகள் நிறைந்த ஒரு சரிவு உண்டு. வனத்துறை அனுமதியோடு அங்கே உட்கார்ந்திருப்பேன். கூட வரும் வாட்சர் என்னை விட மூத்தவர், காட்டிலேயே வளர்ந்தவர். முதல் தடவை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“என்ன தம்பி, கேமரா கொண்டாரலையா?”

“இல்லண்ணா, வரையத்தான் வந்தேன்.”

“அது ஒரு எடத்துல நிக்காதே. எப்படி வரைவீங்க?”

“நிக்கிறத வரைய வரலண்ணா. அது தடுமாறுறதப் பார்க்கணும்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “தடுமாறுறதெல்லாம் குஞ்சுதான் தம்பி. பெருசு தடுமாறாது. தடுமாறுனாலும் காட்டிக்காது.”

பெரிய பெரிய அனிமேஷன் புத்தகங்களில் நான் தேடிக்கொண்டிருந்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். அன்றைக்கே கண்ணாலும் பார்த்தேன். ஒரு சிரிப்பான் பழுத்த தவிட்டுப்பழத்துக்கு ஆசைப்பட்டுக் கிளையின் நுனியில் போய் உட்கார்ந்தது. நுனி தாங்கவில்லை, வளைந்து இறங்கியது. உடம்பு முன்னால் குப்புறச் சாய, வால் விசிறியாக மேலே எழும்பியது. இறக்கை பாதி விரிந்து படபடத்தது. இத்தனைக்கும் நடுவில் தலை மட்டும் ஆணி அடித்த மாதிரி பழத்துக்கு நேராக நின்றது. கொத்தியது. பழம் அலகோடு வந்துவிட, பாரம் குறைந்த கிளை மேலே துள்ளியது, பறவை தூக்கி எறியப்பட்டது. பக்கத்துக் கிளையில் போய் ஒருக்களித்து விழுந்து, நேராக நிமிர்ந்து, அலகை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை கிளையில் துடைத்துக்கொண்டது. அவ்வளவுதான். நடந்தது எதுவும் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தது. கூட்டத்தில் மற்றவை கெக்கலித்தன. அவை இதைப் பார்த்துத்தான் சிரித்தன என்று நான் சொல்லமாட்டேன், அவற்றின் குரலே அப்படி. ஆனால் ஒரு நகைச்சுவை எபிசோடின் இலக்கணம் முழுக்க அந்தக் கிளையில் நடந்து முடிந்துவிட்டது.

அந்தச் சில விநாடிகளைப் பல பக்கங்களில் வரைந்தேன். வால் எப்போது எழும்பியது, தலை எப்போது விடுபட்டது, அலகு துடைப்பதற்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று. கடைசிக் கேள்விதான் முக்கியம். விழுந்த பறவை உடனே அலகைத் துடைத்தால் சிரிப்பு வராது. கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதைத்தான் நாங்கள் ஹோல்ட் என்கிறோம்.

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு ஷாட் வந்தது. பறவை வீரமாகப் பறந்து வந்து கிளையில் உட்கார்ந்து, தவறி, கீழே விழுந்து, மறுபடி ஏறி வர வேண்டும். மூன்று விநாடி, 75 ஃபிரேம். ஸ்டோரிபோர்டை நேரக் கணக்கோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக்கில் ஷாட் நீளம் பூட்டப்பட்டுவிட்டால் ஒரு ஃபிரேம்கூடக் கூட்ட முடியாது, குரலும் இசையும் அதற்குள் அடங்கியிருக்கும். ஸ்டோரிபோர்டில் பாதிக்கு மேல் நேரம் விழுவதற்கே ஒதுக்கியிருந்தார்கள், இறக்கை அடித்து, கத்தி, காற்றில் நீந்தி. நான் இப்படிப் பிரித்தேன்: உட்கார்ந்து தள்ளாட 20 ஃபிரேம். விழ 6. காலிக் கிளை, மெதுவாக இறங்கும் ஒற்றை இறகு 9. கிளைக்குக் கீழிருந்து தலை எட்டிப் பார்க்க 8. அசையாமல் 12. இறகைச் சிலிர்க்க 10. அலகைத் துடைக்க 10.

சூப்பர்வைசர் தயங்கினார். “விழுறது கண்ணுக்கே தெரியலையேப்பா, ஆறு ஃபிரேம்தானா?”

“விழுந்தது தெரிஞ்சா போதும் சார். அது சமாளிக்கிறதத்தான் பார்க்கணும்.”

அனுப்பினோம். அங்கிருந்து ரீடேக் வரவில்லை. அடுத்த எபிசோடுகளின் ஸ்டோரிபோர்டிலேயே அலகு துடைப்பது வந்தது. தவிட்டுப்பழச் செடியில் உட்கார்ந்த ஒரு பறவையின் பழக்கம் எங்கோ ஒரு குளிர்நாட்டுப் பிள்ளைகளின் கார்ட்டூனுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை உண்டு.

வாயசைவு பற்றிச் சொல்லாவிட்டால் பறவை அனிமேஷன் முழுமையாகாது. மனித முகத்துக்கு உதடு உண்டு, பறவைக்கு அலகு. கிளிக்கும் மைனாவுக்கும் உதடே தேவையில்லை, நெஞ்சுக்குள் மூச்சுக்குழல் பிரியும் இடத்தில் இருக்கும் குரல் உறுப்பிலிருந்தே நம் பேச்சைப் பேசிவிடும். ஆனால் திரையில் அலகு மூடாமல் ஒரு மகரம் கேட்டால் பார்ப்பவர் மனசு ஏற்காது. ஆகவே ப, ம வரும் இடங்களில் எல்லாம் அலகை மூட வேண்டும், அதுவும் ஒலிக்கு ஒரு ஃபிரேம் அல்லது இரண்டு ஃபிரேம் முன்னதாக. இங்கிலீஷ் குரலுக்கு வரைந்த அசைவின் மேல் தமிழ் ஏற்றும்போது, அம்மா, அப்பா என்று இரட்டித்து வரும் இடங்களில் அலகு சீக்கிரம் திறந்துவிடும். டப்பிங் எழுதுபவர்கள் அதற்கேற்ப வேறு சொல் தேடுவார்கள். 2007-ல் சுட்டி டிவி வந்த பிறகு இந்தக் கலை தமிழில் எங்கேயோ போய்விட்டது. ஜாக்கி சானும் டோராவும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பேசினார்கள் என்றால் அந்த எழுத்தாளர்களுக்கும் குரல் கலைஞர்களுக்கும் பெரிய கும்பிடு போட வேண்டும். ஆனாலும் அது பிறருடைய வாய்க்குள் நம் மொழியை அடைக்கிற வேலைதான். தமிழ்க் குரலைக் கேட்டுக்கொண்டே தமிழ் அலகை வரைகிற சுகம் எனக்கு விளம்பரப் படங்களில் மட்டும்தான் வாய்த்தது.

இந்தத் தொழிலில் நம் கைக்குக் குறை எதுவும் இல்லை. சென்னையின் பென்டாமீடியா 2000-ஆம் ஆண்டிலேயே பாண்டவர்கள் கதையை முழுநீள கம்ப்யூட்டர் அனிமேஷன் படமாக எடுத்தது. பக்கத்தில் திருவனந்தபுரத்தில் டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனைத் தொடராக்கிக் கார்ட்டூன் நெட்வொர்க்கில் கொண்டுவந்தது. 2007-ல் ‘இனிமே நாங்கதான்’ தமிழில் முப்பரிமாண அனிமேஷன் படமாக வந்தது. 2008-ல் ஹைதராபாத்திலிருந்து சோட்டா பீம் புறப்பட்டான், நம் மண்ணின் பாத்திரம் ஒன்று ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கே சோறு போடும் என்று காட்டினான். இத்தனைக்குப் பிறகும் எங்கள் தலைமுறை அனிமேட்டர்கள் பலர் அடுத்தவர் பறவைக்கே உயிர் கொடுத்துவிட்டு ஓய்ந்தார்கள். வெளிநாட்டு வேலை வரும்போது ஸ்டுடியோ நிறையும், வேலை நின்றால் நாற்காலிகள் காலியாகும். நான் இருந்த ஓரிடத்தில் கடைசி மாதச் சம்பளம் வராமலே கதவைச் சாத்தினார்கள். நல்ல கைகள் சில வீடு கட்டும் கம்பெனிகளுக்கு வீடியோ செய்யப் போயின. எத்தனை பேர் ஆண்டுக்கணக்கில் நடை பழக்கிய கைகள்! அது பெரிய நஷ்டம்.

வெளிநாட்டு வேலை கூடாது என்று நான் சொல்லவில்லை. என்னை வளர்த்ததே அதுதான். பாத்திரத்தின் வடிவத்தை வரையறுக்கும் மாடல் ஷீட்டை மதிக்க, கெடுவைக் காக்க, ஒரு ஃபிரேமை வீணாக்காமல் இருக்க அங்கேதான் கற்றேன். ஆனால் கதை, வடிவம், குரல் மூன்றும் வெளியே இருக்கும்வரை பாத்திரம் நம்முடையதாகாது. பாத்திரம் யாருடையதோ அவருக்குத்தான் புத்தகம், பொம்மை, மறு ஒளிபரப்பு எல்லாவற்றிலும் வருமானம். வரைந்தவருக்கு அன்றைய கூலி. 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன் துறைக்கென்று தனிப் பணிக்குழு அறிவித்தார்கள். நல்ல காரியம். தொழில்நுட்பத்துக்கும் பயிற்சிக்கும் வழி பிறக்கும். பாத்திரத்தை மட்டும் எந்தக் குழுவும் உண்டாக்கித் தர முடியாது. அதை எழுதுபவரும் வரைபவரும்தான் கொண்டுவர வேண்டும்.

என் வரைப் புத்தகங்களில் ஒரு சிரிப்பான் இருக்கிறது. வெள்ளைப் புருவம், கொஞ்சம் தூக்கலான வால். கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் தவிட்டுப்பழத்தைப் பார்த்துவிடும், எல்லாருக்கும் கடைசியாகத் தின்னும். காட்டுக்கோழிக்கு நடை சொல்லிக்கொடுக்கப் போய் மாட்டிக்கொள்ளும். ஓடைப் பாறையில் சீட்டியடிக்கும் சீகாரப் பூங்குருவியோடு பாட்டுப் போட்டி வைக்கும். அணையில் தண்ணீர் ஏறினால் ஊருக்கே சேதி சொல்கிறேன் என்று கிளம்பித் தவறான கிராமத்தில் போய் இறங்கும். ஒவ்வொரு தடவையும் விழும். ஒவ்வொரு தடவையும் அலகைத் துடைத்துக்கொள்ளும். படகரும் தோடரும், இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலையில் வேலை செய்பவர்களும், கீழ்நாட்டிலிருந்து மின்வாரிய வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களும் வாழ்கிற மலையில் ஒரு பறவைக்குக் கதைக்கா பஞ்சம்? அதோடு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவையை நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதாகவும் ஆகும். சோலை குறையக் குறைய அதன் இடமும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2019-லிருந்து கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. வாரத்துக்கு ஒரு 11 நிமிடத்தை அது நம் ஊர்ப் பறவை ஒன்றுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் அனிமேட்டர்களைத் தேடி வர வேண்டும், நாங்கள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அனிமேஷன் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. எமரால்டு வரை பஸ் இருக்கிறது. அவலாஞ்சிக் காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக முடியும், பெருமழை நாட்களில் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டு வாருங்கள். கேமராவை விட வரைப் புத்தகம் உதவும். புதருக்குள் கூட்டமாகச் சிரிப்புச் சத்தம் கேட்டால் பேசாமல் உட்கார்ந்து, அது விழுவதையும் அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதையும் வரையுங்கள்.